நாலு ஆங்கிள்ல ஒரு கல்யாணம்

பையை எடுக்க வேண்டாம் சார், அங்கேயே இருக்கட்டும். நான் காலை மடக்கிக்கறேன். மதுரை வரைக்கும்தானே? நானும் அங்கதான் இறங்கணும். அங்கேருந்து ரயில்.

என் பையில இருக்கிற பேரைப் பார்த்தீங்களா? ஆமா, அந்தச் சேனல்தான். இப்ப நான் அங்க இல்ல. பை மட்டும் இருக்கு.

என்னவா இருந்தேன்னு கேட்டா சொல்றது கொஞ்சம் சிரமம். நடிகர் இல்ல. டைரக்டரும் இல்ல. எக்ஸிக்யூட்டிவ் ப்ரொட்யூசர். பேரு பெருசு, வேலை என்னன்னா சேனலுக்கும் ஷூட்டிங்குக்கும் நடுவுல நிக்கணும். சேனல் நினைக்கிறதை ஷூட்டிங்ல போய்ச் சொல்லணும். ஷூட்டிங்ல அழறதைச் சேனல்ல போய்ச் சொல்லக் கூடாது. இருபத்திரண்டு வருஷம் நின்னேன். யாரோடயும் ஒரு சண்டை கிடையாது. யாரையும் ஒரு வார்த்தை மனசு நோகப் பேசினது கிடையாது. அதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா இன்னைக்குக் காலையில பாளையங்கோட்டையில ஒரு வீட்டு வாசல்ல என்னை நடத்தின விதம் இருக்கே... சொல்றேன், வரிசையா சொன்னாத்தான் புரியும்.

'மங்கள இல்லம்' பார்த்திருக்கீங்களா? சாயங்காலம் ஏழரைக்கு வந்துது. வீட்டுல பார்ப்பாங்களா? எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க சார், வீட்டுல பார்ப்பாங்கன்னு. பரவாயில்லை. அப்ப உங்களுக்கு ஐயாவைத் தெரிஞ்சிருக்கும். வெள்ளை மீசை, கதர் சட்டை, நாலு மகன், நாலு மருமக, எல்லாரும் அடிச்சுக்கிட்டு வந்து நின்னா ஒரு செருமு செருமுவாரு, கூடம் அடங்கிடும். அந்த ஐயாவா நடிச்சவர் பேரு ஆவுடையப்பன். திருநெல்வேலிக்காரர். தபால் ஆபீஸ்ல வேலை பார்த்துக்கிட்டே நாடகம் போட்டவர். ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் சென்னைக்கு வந்து சாலிகிராமத்துல வாடகைக்கு வீடு எடுத்து நம்மகிட்ட சேர்ந்தாரு. ஆயிரத்து நூத்தி நாற்பது எபிசோட். ஒரு நாள் லேட்டா வந்தது இல்ல. ஒரு நாள் வசனம் மறந்தது இல்ல. அப்படி ஒரு ஆளைத்தான் சார் நாங்க கொன்னோம்.

கதையிலதான் சார். பயப்படாதீங்க.

ரேட்டிங் எட்டுல இருந்துச்சு, அஞ்சுக்கு வந்துடுச்சு. சேனல்ல கூப்பிட்டாங்க. கதைப் பிரிவுக்குத் தலைமை நிவேதிதா மேடம். முப்பத்தொரு வயசு. அவங்க வாயில இருந்து 'முடியாது'ங்கிற வார்த்தையை நான் கேட்டதே இல்ல. எதைக் கேட்டாலும் 'பண்ணலாம் சார், ஆனா'ன்னுதான் ஆரம்பிப்பாங்க. அவ்வளவு மரியாதை.

"ஒருத்தர் இறக்கணும் குலசேகர் சார்"ன்னாங்க.

யாருன்னு பேச ஆரம்பிச்சோம். பெரிய மகன் செத்தா கதாநாயகி விதவையாயிடுவா, புடவை விளம்பரம் போயிடும். அப்ப ஐயாவோட அக்கா பாத்திரம், அந்த வயசான அம்மாவைச் சொன்னேன். "அவங்க இறந்தா யாரும் அழ மாட்டாங்க சார், எங்ககிட்ட டேட்டா இருக்கு"ன்னாங்க. அந்த டேட்டாவைக் காட்டினாங்க. சனங்களுக்கு ரொம்பப் பிடிச்சது யாருன்னா, ஐயா.

"அப்ப அவரை வெச்சுக்கணுமே மேடம்"னேன்.

"இல்ல சார், அதனாலதான்"னாங்க.

யோசிச்சுப் பார்த்தா சரிதானே சார்? இருபத்திரண்டு வருஷ அனுபவத்துல எனக்கு இது தோணலை. அந்தப் பொண்ணுக்குத் தோணிச்சு.

ஆவுடையப்பன்கிட்ட நான்தான் சொன்னேன். மேக்கப் ரூம்ல மீசை ஒட்டிக்கிட்டு இருந்தாரு. கேட்டுட்டுக் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தாரு.

"சாகறதுக்கு எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல தம்பி. ரொம்ப நாள் கட்டில்ல போட்டு இழுக்காதிய. அம்புட்டுதான்" அப்படின்னாரு. அப்புறம் பையில இருந்து ஒரு பத்திரிகையை எடுத்துக் கொடுத்தாரு. ஒரே மக, பேரு பிரம்மநாயகி, நாயகின்னு கூப்பிடுவாங்க. ஆவணியில கல்யாணம், பாளையங்கோட்டையில மண்டபம். மஞ்சள் தடவின பத்திரிகை சார். எங்க யூனிட்ல முதல் பத்திரிகை எனக்குத்தான். அதை நினைச்சுத்தான் எனக்கு இன்னைக்கு மனசு ஆறலை.

"நீங்க கவலையே படாதீங்க, ஆடியிலேயே முடிச்சுடுவோம்"னேன். சொன்ன மாதிரி ஆடியிலேயே முடிச்சோம்.

சாவு எபிசோட் எடுத்த அன்னைக்கு நல்ல வெயில். ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு வந்திருந்துச்சு, நிஜப் பெட்டி. மாலை, ஊதுபத்தி, தாரை தப்பட்டை எல்லாம் சரியா இருந்துச்சு. அவர் சம்சாரம் சண்முகவடிவு அம்மா அன்னைக்கு ஷூட்டிங்குக்கு வந்தாங்க. அதுவரைக்கும் அவங்க வந்ததே இல்ல. ஒரு ஓரமா பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. பிணமா நடிச்சவங்களைக் கடைசியா கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்கச் சொல்லி எடுப்போம். எதுலயும் போடறதுக்கு இல்ல, சும்மா. தோஷம் கழியும்னு. அந்த அம்மா அதுக்காகத்தான் வந்திருந்தாங்க. பேக்கப் ஆனதும் என்கிட்ட வந்தாங்க.

"அவிய சிரிச்சத எடுத்தாச்சா தம்பி?"

"எடுத்தாச்சும்மா"ன்னேன்.

எடுக்கலை. வெளிச்சம் போயிடுச்சு, கேமராவைக் கட்டிட்டாங்க. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு அம்மா மனசைக் கஷ்டப்படுத்துவானேன்னு அப்படிச் சொன்னேன். நான் அப்படித்தான் சார், யார் மனசும் நோகக் கூடாது.

எபிசோட் வெளிவந்துச்சு. ரேட்டிங் பதினொண்ணு. கம்பம் பக்கம் ஒரு ஊர்ல ஐயா படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிட்டாங்க. சேனல் வாசலுக்கு மாலை வந்துச்சு. ஒரு அம்மா போன் பண்ணி, எத்தனை மணிக்கு எடுக்கறாங்கன்னு கேட்டுது. இதுல என்ன ஆச்சுன்னா, நிறைய பேருக்கு ஐயா செத்தாரா, ஆவுடையப்பனே செத்தாரான்னு குழப்பம். சேனல் அதை உறுதியும் பண்ணலை, மறுக்கவும் இல்ல. அவர் படத்துக்குப் பக்கத்துல ஒரு விளக்கு ஏத்தி வெச்சு, 'நம் ஐயா'ன்னு மட்டும் போட்டு ப்ரோமோ விட்டாங்க. அதுல பொய் ஒண்ணும் இல்ல பாருங்க.

நிவேதிதா மேடம் கூப்பிட்டாங்க. இதை வளர்க்கணும்னாங்க. பெட்டியில இருந்தது ஐயா இல்ல, அவர் மாதிரியே இருக்கிற வேற யாரோ. பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது ஐயா வாசல்ல வந்து நிக்கணும். அருமையான கதை. எனக்கே உடம்பு சிலிர்த்துடுச்சு. ஒரே ஒரு விஷயம், அதுவரைக்கும் ஆவுடையப்பனை யாரும் உயிரோட பார்க்கக் கூடாது. நிஜத்துல பதினாறு நாள்னா பதினாறு நாள். சீரியல்ல பதினாறு நாள்னா ஆறு வாரம்.

அந்த ஆறு வாரமும் அவர் வெளியில தலை காட்டக் கூடாதுன்னு ஒரு ஒப்பந்தம் அடிச்சுக் கொடுத்தாங்க. நான்தான் அவர் வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். அவருக்குக் கண்ணாடி கைக்கு அகப்படலை. "நீங்களே வாசிங்க தம்பி"ன்னாரு. வாசிச்சேன். முக்கியமானதை எல்லாம் வாசிச்சேன். கையெழுத்துப் போட்டுட்டாரு. போட்டதுக்கு அப்புறம்தான் விரலை விட்டு நாளை எண்ணினாரு.

"தம்பி, நாலாவது வாரத்துல நாயகி கல்யாணம் வருதே?"

"ஆமா சார்."

"அப்ப ரெண்டு நாள் மட்டும் உயிரோட இருந்துட்டு வந்துருதேன்."

நான் சேனலுக்குப் போனேன் சார். அவருக்காகப் போய் நின்னேன். இதை யாரும் சொல்ல மாட்டாங்க. நிவேதிதா மேடம் பொறுமையா கேட்டாங்க. "பண்ணலாம் சார், ஆனா மண்டபத்துல எத்தனை பேர் வருவாங்க?" "எண்ணூறு பேர் மேடம்." "எண்ணூறு போன் சார்"னாங்க. "ஒருத்தர் ஒரு செல்ஃபி போட்டா நம்ம பதினாறாம் நாள் போச்சு."

அப்பதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. இப்பவும் சொல்றேன், நல்ல யோசனைதான். மண்டபத்து மாடியில அறைகள் இருக்கு. விடியறதுக்கு முன்னாடியே அவரைக் கூட்டிக்கிட்டு வந்து ஆறாம் நம்பர் அறையில உட்கார வெச்சுடறது. ஒரு மானிட்டர் வைக்கறது. கல்யாண வீடியோக்காரர்கிட்ட ரெண்டு கேமரா இருக்கு, எங்க யூனிட்ல இருந்து நான் இன்னும் ரெண்டு கேமரா, ஆளோட. மணமேடைக்கு முன்னாடி ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு, மேல இருந்து ஒண்ணு, கூட்டத்துக்கு ஒண்ணு. கீழ உட்கார்ந்திருந்தா புரோகிதர் முதுகுதான் சார் தெரியும். ஒரு அப்பாவுக்கு மக கல்யாணத்தை நாலு ஆங்கிள்ல காட்டினவன் தமிழ்நாட்டுலயே நான் ஒருத்தன்தான்.

தாரை வார்த்துக் கொடுக்கறது யாருன்னு கேட்டாரு. "உங்க தம்பி கொடுக்கட்டும் சார், என்ன குறைஞ்சுடப் போகுது"ன்னேன். சண்முகவடிவு அம்மா உள்ளே எழுந்து போயிட்டாங்க.

கல்யாணத்தன்னைக்கு எல்லாம் ஒழுங்காத்தான் ஆரம்பிச்சுது. அறைக்குள்ள போனா, பட்டு வேஷ்டி, பட்டு அங்கவஸ்திரம், நெத்தி நிறைய திருநீறு, சந்தனம்னு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்காரு. "அறையில உட்கார்றதுக்கு எதுக்கு சார் பட்டு வேஷ்டி?"ன்னு கேட்டேன். "கசங்காம இருக்கணும்லா தம்பி"ன்னாரு. எதுக்குப் பதில் எது சொல்றாருன்னு எனக்குப் புரியலை. டிபன் வெச்சேன், தண்ணி வெச்சேன், மானிட்டரைப் போட்டேன். கதவை வெளியே பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். யாராவது தெரியாம திறந்துடக் கூடாதே, அவர் பாதுகாப்புக்குத்தான்.

முகூர்த்தம் ஒன்பதுல இருந்து பத்தரை. ஒன்பதே முக்கால் வரைக்கும் ஒரு குறையும் இல்ல. நான் கூட்டத்து ஓரமா நின்னுக்கிட்டு நாலு கேமராவையும் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

முதல்ல ஒரு வயசான அம்மா ஆரம்பிச்சுது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம். சண்முகவடிவு அம்மாவைப் பார்த்து, பொட்டையும் பூவையும் பார்த்து, பக்கத்துல இருந்த பொம்பளைகிட்ட, "முழுசா ஒரு மாசம் ஆகலையே, இவளுக்கு எப்படிட்டீ மனசு வந்துச்சு"ன்னுது. அது எல்லா எபிசோடும் பார்க்கிற அம்மா. ரசிகைன்னு பார்த்தா சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனா பேச்சு பரவிடுச்சு. பொண்ணோட அப்பா எங்க? மேடையில சித்தப்பா நிக்கறாரே? டிவியில படத்துக்கு விளக்கு ஏத்தி வெச்சிருந்தாங்களே? அப்ப அவர் நிஜமாவே போயிட்டாரு, கல்யாணம் நின்னுடக் கூடாதுன்னு மூடி மறைக்கறாங்க. தீட்டு வீட்டுல பொண்ணு எடுக்க வெச்சுட்டாங்க.

மாப்பிள்ளையோட தாய்மாமா ஒருத்தர், கோமதிநாயகம்னு பேரு, நல்ல உயரம். மேடையேறி நாதஸ்வரத்தை நிறுத்தச் சொன்னாரு. நின்னுடுச்சு.

"நான் ஒண்ணும் தப்பா கேக்கல. பொண்ணோட அப்பாவக் காட்டுங்க. ஒரு நிமிஷம் பாத்துட்டா போதும். இல்லன்னா தாலி ஏறாது."

சித்தப்பாக்காரர் முகத்தைப் பார்க்கணுமே. என்னைத்தான் பார்த்தாரு. பொண்ணு வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வெச்சிருந்தேன், யாரும் எதுவும் பேசக் கூடாதுன்னு. அவர் பேசலை. பேசினது கல்யாணப் பொண்ணு. மணையை விட்டு எழுந்திருச்சுட்டா.

"எங்கப்பா நல்லாருக்காவ. மாடியில ஆறாம் நம்பர் ரூம்ல இருக்காவ. பூட்டி வெச்சிருக்காங்க. சாவி அந்தா அவிய கையில இருக்கு."

எண்ணூறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. நான் உடனே போனை எடுத்தேன். நானா முடிவெடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது சார், அதை யாரும் புரிஞ்சுக்கலை. நிவேதிதா மேடம் ரெண்டாவது ரிங்ல எடுத்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். "புரியுது சார், பண்ணலாம் சார், ஆனா சட்டப் பிரிவுல ஒரு வார்த்தை கேட்டுடறேன், லைன்லயே இருங்க"ன்னாங்க. போன்ல பாட்டு ஓட ஆரம்பிச்சுது. மணி பத்து பன்னிரண்டு. மாடியில இருந்து கதவைத் தட்டற சத்தம் கேட்டுது. அவர் நாலு ஆங்கிள்லயும் பார்த்துக்கிட்டு இருந்தாரே.

கோமதிநாயகம் என் முன்னாடி வந்து நின்னாரு. "சாவிய எடு"ன்னாரு. "ரெண்டே நிமிஷம் சார், மேடம் லைன்ல இருக்காங்க"ன்னேன். "எந்த மேடம்?"னாரு. அதை அவருக்கு எப்படி விளக்கறது?

அப்ப சண்முகவடிவு அம்மா மேடையை விட்டு இறங்கி வந்தாங்க. ஓடலை. சாதாரணமா நடந்து வந்தாங்க. வந்து நேரா என் சட்டைப் பையில கையை விட்டுச் சாவியை எடுத்துக்கிட்டாங்க. எண்ணூறு பேர் முன்னாடி. பட்டுப்புடவை கட்டின ஒரு அம்மா ஒரு அந்நிய ஆம்பளை சட்டைப் பையில கை விடறாங்க சார். நான் கூச்சப்பட்டுப் போயிட்டேன். அவங்க மாடிப்படி ஏறினாங்க.

ஐயா இறங்கி வந்தாரு. ஆவுடையப்பன்தான், எனக்கு வாயில ஐயான்னுதான் வருது. வேஷ்டி கசங்கலை. நாலாவது படியில அவரைப் பார்த்ததும் ரெண்டு மூணு பொம்பளைங்க வீல்னு கத்தினாங்க. அந்த வயசான அம்மா கையெடுத்துக் கும்பிட்டுது. நான் எந்த எண்ணூறு போனுக்குப் பயந்தேனோ, அதுல ஒரு போனைக்கூட யாரும் எடுக்கலை. எல்லாரும் அப்படியே நின்னாங்க. கோமதிநாயகம் மட்டும் கிட்டப் போய் அவர் கையைப் பிடிச்சுப் பார்த்தாரு. பிடிச்சுட்டுக் கூட்டத்துப் பக்கம் திரும்பி, "சூடு இருக்கு!"ன்னு கத்தினாரு. உடனே நாதஸ்வரம்.

பத்து இருபதுக்குத் தாரை வார்த்தாரு. மக கையை எடுத்து மாப்பிள்ளை கையில வெச்சுத் தண்ணி விடும்போது அழுதாரு பாருங்க, ஆயிரத்து நூத்தி நாற்பது எபிசோட்ல அப்படி ஒரு அழுகையை நான் பார்த்தது இல்ல. கிளிசரின் இல்ல, ஒண்ணு இல்ல. உதடு மட்டும் நடுங்குது. அந்தப் பொண்ணு தன் முந்தானையால அவர் முகத்தைத் துடைக்குது. பக்கவாட்டுக் கேமராக்காரர்கிட்ட 'க்ளோஸ் போ'ன்னு சைகை காட்டினேன்.

மேடம் லைன்ல வந்தாங்க. "சட்டப் பிரிவுல கூடாதுன்னு சொல்றாங்க சார்"னாங்க. "ஆயிடுச்சு மேடம்"னேன்.

மத்தியானத்துக்குள்ள ஊரெல்லாம் தெரிஞ்சு போச்சு. பந்தியில உட்கார்ந்ததும் எல்லாருக்கும் போன் ஞாபகம் வந்துடுச்சு. 'உயிரோடு வந்த ஐயா'ன்னு வாட்ஸ்அப் பூரா. என் வேலை போச்சுன்னு நினைச்சேன். சாயங்காலம் மேடமே கூப்பிட்டாங்க. திட்டவே இல்ல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க.

"சார், நாலு ஆங்கிளும் ரெக்கார்டிங்ல இருக்கா?"

இருந்துச்சு. கொடுத்தேன். இதுல சட்டப்படி ஒரு தப்பும் இல்ல. அவர் தோன்றும் எந்தக் காட்சியையும் தொடருக்குப் பயன்படுத்தலாம்னு அந்த ஒப்பந்தத்துல தெளிவா இருக்கு. அன்னைக்கு அந்தப் பகுதியை நான் வாசிக்கலை, வாசிச்சிருந்தா நேரமாயிருக்கும். கல்யாணப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு இருந்தேன். மறுவீடு, விருந்துன்னு அது அலைஞ்சுக்கிட்டு இருந்துது, தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரச் சிறப்பு எபிசோட். ஐயா செத்தது பொய், இதோ உயிரோட இருக்காருன்னு நிஜக் கல்யாணத்தையே போட்டோம். ஆனா கதைக்கு லாஜிக் வேணும்ல? சீரியல்ல ஐயாவுக்கு ஏற்கனவே மங்களம்னு பொண்டாட்டி இருக்கா, நாலு மகன் இருக்கான். அப்ப இந்த மணமேடையில நிக்கிற அம்மா யாரு? இந்தப் பொண்ணு யாரு? எழுத்தாளர்கள் உட்கார்ந்து ரெண்டு மணி நேரத்துல தீர்த்துட்டாங்க. ஐயாவோட ரெண்டாவது குடும்பம். யாருக்கும் தெரியாம திருநெல்வேலியில வெச்சிருந்த குடும்பம். சாவியை எடுத்துக்கிட்டு அந்த அம்மா மாடிப்படி ஏறுற இடத்துல நிறுத்தி, 'ஐயாவின் மறுபக்கம்'னு பெரிய எழுத்துல போட்டோம். மங்களம் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழறதை நடுநடுவுல வெட்டிச் சேர்த்தோம்.

ரேட்டிங் பதினாலு. அந்தச் சேனல்ல அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல.

நாயகி ஒரு நாள் எனக்குப் போன் பண்ணுச்சு. கோபமாக்கூட பேசலை. "அண்ணே, எங்க ஊர்க் கோயில்ல எங்கம்மாகிட்ட ஒரு பொம்பள வந்து, நீங்கதான் ரெண்டாவதான்னு கேட்டுட்டா. முப்பத்தஞ்சு வருஷமா போயிட்டு வந்த கோயில். அம்மா இப்ப வாசப்படியே தாண்டுறது இல்ல"ன்னுது. நான் ஆறுதல் சொன்னேன். "ரெண்டு வாரம் பொறும்மா, அடுத்த டிராக் வந்தா எல்லாரும் மறந்துடுவாங்க"ன்னேன். அது போனை வெச்சுடுச்சு. என் அனுபவத்துல ரெண்டு வாரம்தான் சார் கணக்கு. அதுக்கு மேல எதையும் யாரும் ஞாபகம் வெச்சுக்கறது இல்ல.

ஆவுடையப்பன் அதுக்கு அப்புறம் ஷூட்டிங்குக்கு வரலை. சண்டை போடலை, பேட்டி கொடுக்கலை. சாலிகிராமம் வீட்டைக் காலி பண்ணிக்கிட்டு ஊருக்குப் போயிட்டாரு. போகும்போது எனக்குச் சொல்லிக்கலை. பத்திரிகையை முதல்ல எனக்கு வெச்ச மனுஷன், போகும்போது சொல்லிக்கலை. சேனல் என்ன பண்ணும்? வேற ஒருத்தருக்கு வெள்ளை மீசை ஒட்டி, 'இனி இவருக்குப் பதில் இவர்'னு போட்டுட்டாங்க. புது ஆள் நல்லாத்தான் செருமினாரு. சனங்க ஒத்துக்கலை. ரேட்டிங் மூணு வந்துச்சு, ரெண்டு வந்துச்சு, தை மாசத்தோட மங்கள இல்லத்தை முடிச்சுட்டாங்க. நிவேதிதா மேடத்துக்கு இன்னும் பெரிய வேலை கிடைச்சு மும்பைக்குப் போயிட்டாங்க. சேனல்ல என்னையும் போகச் சொல்லிட்டாங்க, வழியனுப்பறப்ப கேக் வெட்டினாங்க.

இப்ப இன்னொரு சேனல்ல கூப்பிட்டிருக்காங்க. ஒரே ஒரு நிபந்தனை, ஆவுடையப்பனைக் கூட்டிக்கிட்டு வரணும். புது சீரியல், ஊர்ப் பெரியவர் பாத்திரம், சாவே கிடையாது. நல்ல சேதி சொல்லத்தானே வந்திருக்கோம்னு ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு சால்வை எல்லாம் வாங்கிக்கிட்டு இன்னைக்குக் காலையில அவர் வீட்டுக்குப் போனேன்.

சண்முகவடிவு அம்மாதான் கம்பிக் கதவுக்கு உள்ளே வந்து நின்னாங்க. திறக்கலை. தலையில பூ, நெத்தியில காலணா அளவுக்குக் குங்குமம்.

"ஐயா இருக்காங்களாம்மா?"ன்னேன்.

"அவிய இறந்துட்டாவ தம்பி"ன்னாங்க.

உள்ளே யாரோ பேப்பர் புரட்டற சத்தம் கேக்குது. ஒரு செருமல். அந்தச் செருமலை எனக்குத் தெரியாதா? ஆயிரத்து நூத்தி நாற்பது எபிசோட் கேட்டிருக்கேன்.

"எப்பம்மா?"ன்னு கேட்டேன். வேற என்ன கேக்கறது?

"ஆடி மாசம். நீங்கதான படம் பிடிச்சிய"ன்னாங்க.

குரல் உயரலை, தாழலை. கண்ணு கலங்கலை. பின்னாடி செருமல் இன்னொரு தடவை கேட்டுது. அதுக்கும் அவங்க திரும்பலை. நான் என்ன பண்றதுன்னு தெரியாம, ஆழ்ந்த அனுதாபங்கள்னு சொல்லிட்டுப் பழப் பையைக் கம்பியில மாட்டிட்டு வந்துட்டேன். படி இறங்கறதுக்குள்ள உள்கதவைச் சாத்திட்டாங்க.

இவங்களுக்கு நான் என்ன குறை வெச்சேன் சொல்லுங்க? பஸ் ஏறினதுல இருந்து அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வர்றேன்.

ஆனா ஒண்ணு சார். உள்ளே புருஷன் உட்கார்ந்திருக்க, பொட்டும் பூவுமா நின்னுக்கிட்டு, கண்ணு சிமிட்டாம ஒரு அம்மா அந்த வசனத்தைச் சொல்லிச்சு பாருங்க. ஒத்திகை கிடையாது. ஒரே டேக். அந்தப் புது சீரியல்ல பெரியவருக்குப் பொண்டாட்டி பாத்திரத்துக்கு இன்னும் ஆள் முடிவாகலை. ஒரு வார்த்தை அவங்களையே கேட்டுட்டு வந்திருக்கணும். எனக்கு அந்த நேரத்துல தோணலை.